தொகையீடு தெரிந்த பிள்ளை

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் மின் பொறியியல் சொல்லிக்கொடுக்கிறேன். பொறியியல் கல்வி பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது, எந்தப் படிப்புக்கு எந்த வேலை என்று பேசுவதா, கவுன்சலிங் பற்றிப் பேசுவதா என்று யோசித்தேன். அதையெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஆசிரியர்களைப் பற்றிப் பேசுகிறேன். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடம் போய்ச் சேர, ஆசிரியர்களான நாங்கள் இன்னும் என்ன கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதுதான் பேச்சு.

ஒரு பையனிடமிருந்து தொடங்குகிறேன். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தவன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டை 2021இல் பொறியியலுக்கும் கொண்டுவந்தார்களே, அந்த முதல் வருடமே அதில் சேர்ந்தான். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு கட்டிவிடும். வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவன். ஆனால் முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் விழுந்துவிட்டது. பள்ளியில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியவன் என்பதால் எனக்கு மனசு ஒப்பவில்லை. கூப்பிட்டுப் பேசினேன்.

“இன்டெக்ரேஷன் பை பார்ட்ஸ் தெரியுமாப்பா?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சரி என்று ஒரு தாளில் கணக்கை எழுதிக் கொடுத்தேன். பார்த்ததும் முகம் மாறியது. “மேம், இது பகுதித் தொகையிடல்” என்றான். நாலே வரியில் போட்டு முடித்துவிட்டான்.

பகுதித் தொகையிடல் என்ற சொல்லை அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன். நான் படித்ததெல்லாம் ஆங்கில வழி. அந்தப் பிள்ளைக்குக் கணக்கு தெரியும், கணக்கின் இங்கிலீஷ் பெயர் தெரியாது. எனக்கு அதன் தமிழ்ப் பெயர் தெரியாது. நடுவில் ஒரு செமஸ்டர் போய்விட்டது.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பிளஸ் டூ கணக்கு, இயற்பியல் தமிழ்ப் புத்தகங்களை வாங்கி உட்கார்ந்து படித்தேன். காந்தப்பாயம், திருப்பு விசை, வகைக்கெழு, மின்மாற்றி, மின்காந்தத் தூண்டல். நான் தினமும் வகுப்பில் இங்கிலீஷில் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் அந்தப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. அதை நான் ஒரு நாளும் தொட்டதில்லை. ஒரு வாரத்தில் நான்கு பக்கத்துக்கு ஒரு தாள் தயார் செய்தேன். இடது பக்கம் இங்கிலீஷ் சொல், வலது பக்கம் பள்ளிப் புத்தகத்தில் அதற்கு உள்ள தமிழ்ச் சொல். பாடத்தை இங்கிலீஷில்தான் நடத்துகிறேன், பரீட்சையும் இங்கிலீஷில்தான். ஆனால் ‘ஃப்ளக்ஸ்’ என்று சொல்லும் முதல் தடவை, ‘உங்கள் புத்தகத்தில் காந்தப்பாயம் என்று படித்தீர்களே, அது’ என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்கிறேன். அரை நிமிடம்கூட ஆவதில்லை. பின் வரிசையில் நாலைந்து பேர் நிமிர்ந்து உட்காருவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தப் பையன் அடுத்த பரீட்சையிலேயே அரியரை முடித்தான். 2025இல் படிப்பையும் முடித்தான்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், என் பணிக்காலத்தில் நான் போன எந்தப் பயிற்சியிலும் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

தொடக்கப் பள்ளியில் வகுப்பெடுக்க வேண்டுமானால் இரண்டு ஆண்டு ஆசிரியர் பயிற்சி வேண்டும். உயர்நிலைப் பள்ளிக்கு பி.எட். வேண்டும். பொறியியல் கல்லூரியில் எம்.இ. முடித்த கையோடு வகுப்புக்குள் போய்விடலாம். நானும் அப்படித்தான் போனேன். அறுபது பேர் எதிரே இருந்தார்கள். என் ஆசிரியர்கள் எனக்கு எப்படி நடத்தினார்களோ அப்படியே நடத்தினேன். எனக்குப் புரிந்த விதத்தில் எல்லோருக்கும் புரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

பயிற்சிக்கு வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். சென்னை தரமணியில் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் 1964இலிருந்து நடக்கிறது. புதிய ஆசிரியர்களுக்கென்று ஏஐசிடிஇ, அதாவது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, எட்டுப் பாடத்தொகுதிகளை இணையத்தில் வைத்திருக்கிறது. அவை நல்ல முயற்சிகள். ஆனால் எங்கள் கல்லூரிகளில் பயிற்சி என்றாலே எஃப்டிபி என்கிற ஒரு வாரப் பயிலரங்கம்தான். அதில் செயற்கை நுண்ணறிவு, மின்சாரக் கார், சோலார் என்று பாடப்பொருளில் புதிதாக வந்தவற்றைத்தான் அதிகம் பேசுகிறார்கள். அதுவும் வேண்டியதுதான், பாடத்தில் பின்தங்கிய ஆசிரியரால் யாருக்கும் பயனில்லை. ஆனால் எதிரே இருக்கும் பிள்ளை யார், எங்கே தடுக்கி நிற்கிறான் என்று பார்க்கக் கற்றுக்கொள்வதும் எங்கள் தொழில்தானே? அதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. சான்றிதழ் வாங்கிப் பதவி உயர்வுக் கோப்பில் சேர்ப்பதோடு பயிற்சி முடிந்துவிடுகிறது.

லேப் விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. மோட்டார்களை ஓட்டிப் பார்க்கும் மெஷின்ஸ் லேபில் நாலு நாலு பேராகப் பிரித்துவிடுவோம். பத்து வருடம் நான் கவனிக்காமலே இருந்த ஒன்று: கனெக்‌ஷன் கொடுப்பது, ஸ்டார்ட்டரை இயக்குவது எல்லாம் பையன்கள். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ரீடிங் எழுதுவது பெண் பிள்ளைகள். எல்லாக் குழுவிலும் அப்படியே. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, அதுவாகவே நடந்தது. ரெக்கார்டு நோட்டில் அந்தப் பெண்களுக்கு முழு மார்க் கிடைக்கும். ஆனால் நாலு வருடப் படிப்பில் ஒரு மோட்டாரைத் தன் கையால் ஓட்டாமலே வெளியே போயிருப்பார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு நான் அதைச் செய்தேன் என்று நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

நம் மாநிலத்தில் இந்தத் துறைக்குப் பெண்கள் நேற்று வந்தவர்கள் இல்லை. 18 வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு இருந்த அ. லலிதா, கிண்டிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்து 1943இல் மின் பொறியியலை முடித்தார். சான்றிதழில் ஆணுக்குரிய ‘ஹி’ என்ற சொல்தான் அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டுக் கையால் ‘ஷி’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு அறுபது ஆண்டுக்குப் பிறகு வேலைக்கு வந்த நான், என் லேபில் பெண்களை ஸ்டூலில் உட்கார விட்டிருந்தேன்.

இப்போது ஒவ்வொரு வாரமும் வேலையை மாற்றிவிடுகிறோம். இந்த வாரம் எழுதுகிறவர் அடுத்த வாரம் கனெக்‌ஷன் கொடுக்க வேண்டும். பாலிடெக்னிக் முடித்து இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் பிள்ளைகளை ஒவ்வொரு குழுவிலும் ஒருவராகப் போடுகிறோம். அவர்களுக்குக் கை நன்றாகப் பழகியிருக்கும், கணக்கு கொஞ்சம் இடிக்கும். மற்றவர்களுக்கு நேர்மாறு. ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

அதே லேபில் இன்னொன்று. மூன்று ஃபேஸுக்கு சிவப்பு, மஞ்சள், நீலம், எர்த்துக்குப் பச்சை என்று வயரின் நிறத்தை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்போம். ஒரு பையன் எர்த் வர வேண்டிய இடத்தில் ஃபேஸைக் கொடுத்திருந்தான். மெயின் போடுவதற்கு முன்னால் பார்த்துவிட்டேன். எல்லோர் முன்னாலும் கடுமையாகத் திட்டினேன். ஒரு மாதம் கழித்து, ரெசிஸ்டரின் நிறக் கோடுகளைப் படிக்கும்போது பக்கத்தில் இருந்த பையன் மெதுவாகச் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டேன். அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பள்ளியிலிருந்தே யாரிடமும் சொல்லாமல் சமாளித்து வந்திருக்கிறான். அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் வயர் முனைகளில் எழுத்துப் போட்ட சின்ன வளையங்களை மாட்டினோம். எலக்ட்ரீஷியன்கள் அதை ஃபெரூல் என்பார்கள், எந்த எலக்ட்ரிகல் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். நிறம் தெரிந்தவர்களுக்கும் அதனால் தவறு குறைந்தது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. 21 வகைக் குறைபாடுகளை அது கணக்கில் எடுக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்கச் சொல்கிறது. உள்ளே வந்த பிள்ளைக்கு வகுப்பில் என்ன செய்வது? காது மந்தமான பிள்ளை முன்னால் இருக்கும்போது கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவதைக்கூட, உதட்டைப் படிக்கும் ஒரு மாணவி கேட்டுக்கொண்ட பிறகுதான் நான் நிறுத்தினேன். நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. துறை ஆசிரியர்களெல்லாம் ஒரு மதியம் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாலே நல்ல பயிற்சிதான்.

பஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிளேஸ்மென்ட் பயிற்சியைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வைப்பது பல கல்லூரிகளில் வழக்கம். சேடப்பட்டி, பேரையூர்ப் பக்கத்திலிருந்து வரும் பெண் பிள்ளை காலேஜ் பஸ்ஸை விட்டால், இரண்டு பஸ் மாறி வீடு சேர இருட்டிவிடும். வீட்டில் விட மாட்டார்கள். ஆக அந்தப் பயிற்சி ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு மட்டுமே என்று ஆகிவிடுகிறது. அதைக் கல்லூரி நேரத்துக்குள்ளேயே வைக்கலாம், டைம்டேபிளில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

இவ்வளவும் எனக்குத் தானாகத் தெரியவில்லை. பாதிக்கு மேல் சக ஆசிரியர்கள் சொல்லித்தான் தெரிந்தது. எங்கள் துறையில் ஆறு பேர் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மாதம் ஒரு தடவை ஒருவர் வகுப்பில் இன்னொருவர் கடைசி வரிசையில் போய் உட்கார வேண்டும். அங்கே கவனித்து எழுதுவதைத் துறைத் தலைவரிடம் காட்டக் கூடாது. பாடம் நடத்தியவரிடம் மட்டும் சொல்ல வேண்டும். முதல் தடவை என் வகுப்பில் உட்கார்ந்தவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். வெளியே வந்து, “தப்பா நினைக்காதீங்க மேடம், நீங்க கேட்ட பதினோரு கேள்வியில ஒம்போது முன் ரெண்டு பெஞ்சுக்குத்தான் போச்சு” என்றார். என்னிடம் இருபது வருடத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். இதற்குப் பணம் தேவையில்லை, அனுமதியும் தேவையில்லை. ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை இருந்தால் போதும்.

கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லூரியில் சேர்க்கப் போகும்போது கட்டடம், பஸ், வேலைவாய்ப்பு எல்லாம் விசாரிக்கிறீர்கள். கூடவே இதையும் கேளுங்கள்: இங்கே வகுப்பெடுக்கிறவர்களுக்கு வகுப்பெடுக்க யார் பயிற்சி தருகிறார்கள், எப்போது தருகிறார்கள்? தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் என்ன செய்கிறீர்கள்? தயங்காமல் கேளுங்கள். முதல் செமஸ்டரில் அரியர் விழுந்தால் பிள்ளையைத் திட்டாமல் கல்லூரிக்கு ஒரு நடை வாருங்கள், பாடம் நடத்துகிற ஆசிரியரைப் பாருங்கள்.

அந்த நான்கு பக்கத் தாள் இப்போது ஒன்பது பக்கம் ஆகிவிட்டது. மாணவர்களே சொல் சேர்க்கிறார்கள். இந்த முறை இண்டக்‌ஷன் மோட்டாரின் ‘ஸ்லிப்’புக்கு நழுவல் என்று ஒரு மாணவி எழுதிக் கொடுத்தாள். அதை அடுத்த அச்சில் சேர்க்கிறேன்.

நன்றி, வணக்கம்.