பழுதான கோப்பும் முதல் நகலும்

நேயர்களுக்கு வணக்கம். கணினிக் கோப்பு ஒன்று திறக்க மறுக்கும்போது, பதற்றத்தில் நாம் முதலில் செய்யும் காரியமே பல வேளைகளில் அதை மீட்க முடியாமல் ஆக்கிவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வு மாணவி ஒருவர், தம் ஆய்வேடு இருந்த பென் டிரைவோடு என்னிடம் வந்தார். கோப்பு முழுதாகப் பதிவாகும் முன்பே டிரைவைக் கழற்றியிருந்ததால், வேர்டு அதைத் திறக்கவில்லை. நான் முதலில் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன்; மூலக் கோப்பைத் தொடவே இல்லை. இதைத் திரும்பவும் சொல்கிறேன்: எந்த முயற்சியும் நகலில்தான்.

வேர்டின் 2007 பதிப்பிலிருந்து வழக்கில் உள்ள டாக்எக்ஸ் கோப்பு, எழுத்துகள், படங்கள், வடிவமைப்பு ஆகியவற்றைத் தனித்தனியே சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் பொதியாகும். 1989இல் ஜிப் முறையை வெளியிட்ட பில் காட்ஸின் தலைப்பெழுத்துகளான பி, கே இரண்டும் இன்றும் அக்கோப்பின் தொடக்கத்தில் நிற்கின்றன. பொதிக்குள் இருப்பவற்றின் பட்டியல் கோப்பின் கடைசியில் இருப்பதால், வால் அறுந்தால் பொதி முழுவதுமே பழுதானதாகத் தெரியும். ஆனால் உள்ளிருக்கும் ஒவ்வொன்றின் முன்னாலும் அதன் பெயர் தனியே எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெயர்களைத் தேடிப் பட்டியலைப் புதிதாகக் கட்டும் மென்பொருள்கள் உண்டு. எழுத்துப் பகுதி பொதியின் முற்பகுதியில் இருந்தது அந்த மாணவியின் நற்பேறு. பின்பகுதியிலிருந்த சில படங்கள் போய்விட்டன. எழுதிய அத்தியாயங்கள் அனைத்தும் கிடைத்தன. அடிக்குறிப்புகளை மட்டும் அவர் மீண்டும் எழுத வேண்டியிருந்தது.

அவர் அந்த டிரைவிலேயே வேறு கோப்புகளைப் பதிந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். டிரைவைச் சரிபார்க்கட்டுமா என்று கணினி கேட்டால், நகல் எடுக்கும் வரை வேண்டாம் என்றே சொல்லுங்கள். அந்தச் சரிபார்ப்பும் மூலத்தில்தான் எழுதுகிறது.

நேரம் முடிவதால், அழிந்த படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நினைவக அட்டையில் ஒரு படத்தை அழித்தால் பொதுவாக அது இருந்த இடம் காலியெனக் குறிக்கப்படுகிறதே தவிர, படம் உடனே மறைவதில்லை. ஆகவே கேமராவை உடனே நிறுத்திவிட்டு, ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் தேடி, கிடைப்பவற்றை வேறொரு வட்டில் சேமியுங்கள். சுழலும் தட்டின்றிச் சில்லுகளில் பதியும் எஸ்எஸ்டி வட்டுகளில் மட்டும் காலியான இடம் விரைவில் துடைக்கப்பட்டுவிடுவதால், அங்கே இந்த வழி பெரும்பாலும் பலிப்பதில்லை. வணக்கம்.