முழங்காலுக்குக் கீழே எத்தனை விரல்

வணக்கம். மட்டக்களப்பு காந்திப் பூங்கா வாங்கில் இருந்து பேசுகிறேன். வாவிக் காற்று மைக்கில் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு டியூசன், அதற்குள் முடிக்க வேண்டும்.

இன்றைக்கு இரண்டு விஷயம். ஒன்று யூனிபோம். மற்றது பிள்ளைகளிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்ததாகச் சமயத் தலைவர்கள் மேல் வரும் முறைப்பாடு. இரண்டுக்கும் என்னடி சம்பந்தம் என்று அம்மாவே கேட்டார். சொல்கிறேன்.

எங்கள் பாடசாலை வாசலில் காலை ஏழேகாலுக்கு மாணவத் தலைவிகள் நான்கு பேர் நிற்பார்கள். டை நேராக இருக்கிறதா, ரிபன் கறுப்பா, பின்னல் இரண்டா. பிறகு ஒருத்தி குனிந்து விரல் வைத்துப் பார்ப்பாள். சட்டை முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் இருக்க வேண்டும். போன தவணை எனக்கு இரண்டு விரல்தான். நான் வளர்ந்துவிட்டேன், சட்டை வளரவில்லை. அன்றைக்கே வீட்டுக்குக் கடிதம். அம்மா மடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்தார். பழைய மடிப்பு இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு கோடு. மறுநாள் அந்தக் கோட்டுக்கும் பேச்சு விழுந்தது.

யூனிபோம் வேண்டாம் என்கிற ஆள் நானில்லை. 1993இல் இருந்து அரசாங்கம் துணி இலவசமாகக் கொடுக்கிறது. 2025இல் மொத்தத் துணியும் சீனாவின் நன்கொடை. எங்கள் வீட்டில் மூன்று பேர் படிக்கிறோம், அந்தத் துணி இல்லாவிட்டால் ஜனவரி மாதம் கஷ்டம்தான். யார் வீட்டில் காசு இருக்கிறது என்பது ஞாயிறு டியூசனுக்குக் கலர் உடுப்பில் வரும்போது தெரிந்துவிடும், திங்கட்கிழமை தெரியாது. எனக்கு அது பிடிக்கும்.

ஆனால் உடுப்பு என்றால் கிழக்கில் எல்லோருக்கும் உடனே சூடேறும். 2018இல் திருகோணமலையில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா என்கிற நீள அங்கி அணிந்து வந்ததற்குப் பாடசாலை வாசலில் ஆர்ப்பாட்டமே நடந்தது. அந்த வேகத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுகா, மற்ற விஷயம். எங்கள் பக்கத்தில் ஒருவர் மேல் ஒரு பிள்ளை முறைப்பாடு சொன்னாள். ஊர் சொல்லமாட்டேன், சமயமும் சொல்லமாட்டேன். பாதர், பாஸ்டர், ஐயர், மௌலவி, பௌத்த ஹாமதுரு, யாராகவும் வைத்துக்கொள்ளுங்கள், கதை ஒரே மாதிரித்தான் போகும். "அவர் அப்படியான ஆள் இல்லை." "எங்கட ஆக்களின்ட பேர் கெட்டுப்போகும்." "பிள்ளையின்ட எதிர்காலத்தையும் பாக்கணும்." இந்தக் கடைசி ஒன்றுதான் எனக்குப் பயம், ஏனென்றால் கேட்கும்போது அக்கறை மாதிரியே இருக்கும். பாடசாலையில் கேட்டால், அது பாடசாலை நேரத்துக்கு வெளியே நடந்தது என்றார்கள். மாதக்கணக்காகியும் ஒரு கடிதம் போகவில்லை.

அப்புறம் கிணற்றடியில் ஒரு மாமி கேட்டா, "பிள்ளை அண்டைக்கு என்ன உடுத்திருந்தவ?"

யூனிபோம். பாடசாலை விட்டு நேரே போனவள். காலையில் விரல் வைத்துப் பார்த்து, சரி என்று உள்ளே விட்ட அதே சட்டை. நான் மாமிக்குப் பதில் சொல்லவில்லை. இந்த வீடியோவே அந்தக் கோபத்தில் எடுப்பதுதான்.

முறைப்பாடு வந்தாலே குற்றவாளி என்று நான் சொல்லவில்லை, தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை. விசாரியுங்கள் என்றுதான் கேட்கிறேன். பெரியவர்கள் கூடிச் சமாதானம் பேசி ஆளை இன்னொரு ஊருக்கு மாற்றிவிடுவது விசாரணை ஆகாது. நான் கத்தோலிக்கப் பிள்ளை, பாடகர் குழுவில் பாடுகிறவள், அதனால் எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். அமெரிக்காவில் பொஸ்டன் மறைமாவட்டத்தில் முறைப்பாடு வந்த பாதர்மாரை இப்படித்தான் ஒரு ஆலயத்திலிருந்து இன்னொரு ஆலயத்துக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 2002இல் பொஸ்டன் குளோப் பத்திரிகை அதை வெளியே கொண்டுவந்தது. 2019இல் பாப்பரசர் பிரான்சிஸ், குருக்களும் துறவிகளும் இப்படி ஒன்றை அறிந்தால் திருச்சபை அதிகாரிகளுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். அதே ஆண்டு டிசம்பரில் இந்த வழக்குகளுக்கு இருந்த பாப்பரசு இரகசியத்தையும், அதாவது விபரங்களை வெளியே சொல்லக்கூடாது என்ற திருச்சபை விதியையும், நீக்கினார். சரி, அது திருச்சபைக்குள். பொலிஸ் வேறு. பாதர் மாற்றப்பட்டுவிட்டார் என்பதற்காகப் பொலிசுக்குப் போகாமல் இருக்க முடியாது.

அந்தப் பிள்ளை யாரென்று தெரிந்தாலும் தயவுசெய்து கீழே பெயர் எழுதாதீர்கள். இப்படியான வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் தண்டனைச் சட்டக் கோவைப்படி இரண்டு ஆண்டு வரை சிறை. சொல்ல வேண்டிய இடம் 1929, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை. தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

அந்த இலக்கம் எங்கள் பாடசாலையில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று இந்தக் கிழமை தேடினேன். யூனிபோம் விதி வாசலிலேயே பெரிய பலகையில், படம் போட்டு இருக்கிறது. 1929 ஸ்டிக்கர் ஆய்வுகூடத்துக்குப் பின்னால், தண்ணீர்க் குழாயடியில். ஓரம் கிழிந்து கடைசி 9 இல்லை. நேற்று மார்க்கரால் அந்த 9ஐ எழுதிவிட்டு வந்தேன். சுவரில் கிறுக்கியதற்குக் கடிதம் வந்தால் அதையும் வீடியோ போடுகிறேன்.

டியூசனுக்கு நேரமாகிவிட்டது, போகிறேன்.