ஒன்றரை அங்குலக் குழாயும் ஓ.எல். கணக்கும்

திருகோணமலையில் தொழிற்பயிற்சிக்கு இன்று புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, பெற்றோர்களே, போதனாசிரியர்களே, வணக்கம்.

வெல்டிங், வயரிங், மேசன் வேலை என்று படிக்க வருகிற பிள்ளைகளில் நிறையப் பேர் ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறியவர்கள். "உனக்குக் கணக்கு ஏறாது, ஒரு தொழிலையாவது பழகு" என்று நாங்கள்தான் சொல்லி அனுப்புகிறோம். போன இடத்தில் முதல் கிழமையே கணக்கு வந்து நிற்கிறது. 230 வோல்ற்றில் 2000 வாற் கேத்தல் ஒன்று கிட்டத்தட்ட 8.7 அம்பியர் இழுக்கும். அதைப் பார்க்காமல் மெல்லிய வயரைப் போட்டால் சுவருக்குள்ளே வயர் சூடாகும். கணக்குக்குப் பயந்து வந்த பிள்ளைக்கு இங்கும் அதே பயம்தான்.

பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். ஒன்றரை அங்குல இரும்புக் குழாய் ஒன்றை வாங்கி வருகிறோம். பிள்ளை அதன் வெளிவிட்டத்தை அளக்கிறான், 48.3 மில்லிமீற்றர் காட்டுகிறது. ஒன்றரை அங்குலம் என்றால் 38.1 அல்லவா? தான்தான் பிழையாக அளந்துவிட்டதாக நினைத்து வாயை மூடிக்கொள்கிறான். அவன் அளந்தது சரி. ஒன்றரை அங்குலம் என்பது அந்தக் குழாயின் வகை அளவு, வெளிவிட்டம் அதைவிடக் கூடத்தான் இருக்கும். இந்த ஒரு வரியைச் சொல்லிக் கொடுத்தால் போதும், பிள்ளை தன் கண்ணை நம்பத் தொடங்குவான்.

சரி, அந்தக் குழாயைச் சுற்றி ஒரு தகடு வளைக்க வேண்டும். பரிதி எவ்வளவு? பள்ளிக்கூடத்தில் ஆரை பெரும்பாலும் 7, 14, 21 என்றுதான் வரும். 22/7 போட்டு வெட்டினால் முழு எண். இங்கே விட்டமே 48.3. உண்மையில் இதையும் ஏழு வெட்டும்: 6.9, அதை இருபத்திரண்டால் பெருக்க 151.8. ஆனால் தசமப் புள்ளியைக் கண்டதுமே பேனை நின்றுவிடுகிறது. அதே பிள்ளையிடம் ஒரு கயிற்றைக் கொடுங்கள். குழாயைச் சுற்றி, அடையாளம் வைத்து, நாடாவில் நீட்டி, "152, சேர்" என்பான். அவன் செய்ததும் கணிதம்தான். அதைக் கணிதம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அத்திவாரம் போடும் மேசன்மார் 3 அடி, 4 அடி, 5 அடி பிடித்து மூலை செங்கோணமா என்று பார்ப்பதும் பைதகரஸ் தேற்றம்தான். மாமாவோடு வேலைக்குப் போன பிள்ளை அதைப் பிசகாமல் செய்வான். தாளில் கேட்டால் திணறுவான்.

போதனாசிரியர்களே, தொடக்கத்திலேயே பலகையில் சூத்திரம் எழுத வேண்டாம். முதலில் கயிறும் நாடாவும். கையால் எடுத்த அளவைத் தாளில் எழுதச் சொல்லுங்கள், அப்புறம் 22/7 வரட்டும். அரை, கால், அரைக்கால் அங்குலக் கோடுகளை நாடாவில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பின்னம் தெரியாத பிள்ளை யார் என்று அங்கேயே தெரிந்துவிடும். ஓ.எல். பெறுபேற்றை வகுப்பின் முன் எழுப்பிக் கேட்காதீர்கள். கேட்கத்தான் வேண்டுமென்றால் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.