இல்லாத விசைப்பலகைக்கு ஒரு சண்டை

நேயர்களுக்கு வணக்கம். கைப்பேசியில் ஒரு எழுத்தைத் தொட்டால் அந்த எழுத்து திரையில் விழும். இதில் என்ன அதிசயம் என்பீர்கள். கணினியில் எழுதவும் திருத்தவும் புரோகிராமர்கள் வைத்திருக்கும் விஐ என்ற எடிட்டர் மென்பொருளில் அப்படி விழாது. ஜே என்று தட்டினால் கர்சர் ஒரு வரி கீழே இறங்கும். டி-யை இரண்டு முறை தட்டினால் முழு வரியே காணாமல் போகும். எழுத வேண்டுமானால் முதலில் ஐ-யைத் தட்டி அனுமதி வாங்க வேண்டும், முடித்ததும் எஸ்கேப். புரோகிராமர்களிடையே ஒரு பழைய கிண்டல் உண்டு: யாராலும் ஊகிக்க முடியாத பாஸ்வேர்டு வேண்டுமா? புதியவர் ஒருவரை விஐ முன்னால் உட்காரவைத்து வெளியே வரச் சொல்லுங்கள். அவர் தட்டுவதெல்லாம் பாஸ்வேர்டுதான்.

இதற்கும் மூத்தது ஒன்று இருக்கிறது. யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ஸன் 1969 வாக்கில் எழுதிய 'எட்' என்ற எடிட்டர். எந்தத் தவறு செய்தாலும் அது சொல்வது ஒரே ஒரு கேள்விக்குறி. தாம்ஸன் ஒரு கார் வடிவமைத்தாராம். அதில் வேகமானி கிடையாது, பெட்ரோல் முள் கிடையாது. கோளாறு வந்தால் பெரிய கேள்விக்குறி ஒன்று எரியும். என்ன கோளாறு என்பது அனுபவமுள்ள ஓட்டுநருக்கே தெரிந்துவிடுமாம்! கதைதான், ஆனால் எட்-ஐத் தொட்டவர்கள் நம்பிவிடுவார்கள்.

சரி, ஏன் இப்படி? இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1976-இல் பில் ஜாய் விஐ எழுதியபோது தொலைபேசிக் கம்பி வழியே தூரத்துக் கணினியோடு பேசிய அவர் வீட்டு மோடத்தின் வேகம் 300 பாட், அதாவது நொடிக்குச் சுமார் முப்பது எழுத்து. திரையில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து. முழுத் திரையும் நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேல்! அப்படியிருக்க, ஒரே எழுத்தில் ஒரு கட்டளை என்பது வக்கிரமா, கருணையா? அவருடைய ஏடிஎம்-3ஏ டெர்மினலில், அதாவது கணினியோடு பேசும் திரையும் விசைப்பலகையும் சேர்ந்த கருவியில், எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறி அச்சிட்டிருந்தது. எஸ்கேப், இன்று டேப் இருக்கும் இடத்தில் இருந்தது. விரலை நீட்டினால் போதும். இன்று அது மூலைக்குப் போய்விட்டது. விசுவாசிகள் கேப்ஸ் லாக்கைப் பிடுங்கி எஸ்கேப்பாக மாற்றிக்கொள்கிறார்கள். எடிட்டரை மாற்றலாமே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

எதிர்முகாமும் இதே கதைதான். விஐ-யின் போட்டி எடிட்டர் ஈமேக்ஸ். ஈமேக்ஸ்காரர்கள் எதற்கெடுத்தாலும் கண்ட்ரோலை அழுத்துவார்கள். லிஸ்ப் என்ற கணினி மொழிக்காகவே செய்த அந்தக் கால லிஸ்ப் இயந்திரங்களில் கண்ட்ரோல், ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்தில், கட்டைவிரலடியில் இருந்தது. இப்போது சுண்டுவிரல் வேலை. அது வலிக்கிறது, 'ஈமேக்ஸ் சுண்டுவிரல்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஈமேக்ஸின் தந்தை ரிச்சர்ட் ஸ்டால்மன் அங்கி அணிந்து துறவி வேடத்தில் வந்து, விஐ பயன்படுத்துவது பாவமல்ல, பிராயச்சித்தம் என்பார். ஆக, இரண்டு தரப்பும் அடித்துக்கொள்வது இன்று யார் மேசையிலும் இல்லாத விசைப்பலகைகளுக்காக. திரும்பவும் சொல்கிறேன், இல்லாத விசைப்பலகைகளுக்காக!

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். நானோ என்ற இன்னொரு எடிட்டர் பற்றிச் சொல்ல நிறைய வைத்திருந்தேன். கட்டளைகளைத் திரையின் அடியிலேயே எழுதிக்காட்டும் நல்ல பிள்ளை, அவ்வளவுதான் இப்போதைக்கு. அப்புறம், விஐ-க்குள் மாட்டிக்கொண்டவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால்: எஸ்கேப், கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். சேமிக்காதது போய்விடும். வணக்கம்.