விலை கேக்க கூச்சப்படாதீங்க

எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஊரு ஓவியர்கள் நடத்துற கண்காட்சிகள பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, பொதுவா பேசினா கொட்டாவி வரும், அதனால ஒரே ஒரு இடத்த மட்டும் எடுத்துக்கிறேன். சென்னை ஈஞ்சம்பாக்கத்துல இருக்குற சோழமண்டலம் ஓவியர் கிராமம். ஈசிஆர்ல, அதான் கிழக்கு கடற்கரை சாலைல, மகாபலிபுரம் போறப்பல்லாம் அந்த போர்ட தாண்டித்தான் போயிருப்பீங்க, இறங்கி உள்ள போனவங்க கை தூக்குங்க பாப்போம். ம், நாலஞ்சு கை. பரவால்ல.

1966ல இத ஆரம்பிச்சவர் கே.சி.எஸ். பணிக்கர். மெரினால உழைப்பாளர் சிலை இருக்குல்ல, அத செஞ்ச ராய் சவுத்ரிக்கு அப்புறம் மெட்ராஸ் ஓவியக் கல்லூரிக்கு பிரின்சிபாலா இருந்தவர். அவருக்கு கண்ணுல பட்ட பிரச்சனை ரொம்ப சாதாரணமானது, வருஷக்கணக்கா படிச்சு நல்லா வரையுற பசங்க வெளிய வந்ததும் சோத்துக்காக எதாவது ஒரு வேலைல போய் உக்காந்துடறாங்க, அப்புறம் பிரஷ்ஷ தொடுறதே இல்ல. படம் வாங்கவும் ஆள் கிடையாது. வீட்ல பொண்ணு குடுக்க மாட்டாங்க, அது வேற கத.

இதுக்கு பணிக்கரும் அவரோட மாணவர்களும் யார்கிட்டயும் போய் நிக்கல. பாத்திக் பண்ணாங்க. பாத்திக்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு சொல்றேன், வெள்ளத் துணில எந்த இடத்துல சாயம் ஏறக்கூடாதோ அங்க உருக்கின மெழுக தடவணும், வெளிர் கலர்ல முக்கணும், காயவெச்சு மறுபடி மெழுகு, அடுத்து கொஞ்சம் அழுத்தமான கலர், இப்படியே இருட்டுக் கலர் வரைக்கும் போயி கடைசில கொதிக்குற தண்ணில போட்டு மெழுக எடுக்கணும். மெழுகு வெடிச்ச இடத்துல சாயம் கசிஞ்சு இலை நரம்பு மாதிரி மெல்லிசா கோடு ஓடியிருக்கும், அத ஒருத்தர் ப்ளான் பண்ணி கொண்டுவர முடியாது, அதுலதான் அழகே. இந்த மாதிரி கைவினைப் பொருள் வித்து சேத்த காசுலதான் அந்த கடலோர மணல்ல ஏக்கர் கணக்குல நிலம் வாங்கினாங்க, வீடு கட்டினாங்க, கேலரியும் கட்டினாங்க. கைவினை சோறு போடும், அதனால படத்த எவனுக்கும் புடிச்ச மாதிரி வரைய வேண்டியதில்ல. கைவினைன்னா ஒரு படி கீழன்னு நினைக்கிற ஆளுங்க இன்னைக்கும் கலை உலகத்துல இருக்காங்க, அவங்கள எனக்கு புடிக்காது, அவ்ளோதான்.

அந்த ஓவியக் கல்லூரிய சுத்தி உருவான நவீன ஓவியர், சிற்பிகளோட போக்க மெட்ராஸ் கலை இயக்கம்னு சொல்வாங்க, அதுக்குன்னே கிராமத்துக்குள்ள 2009ல ஒரு மியூசியம் திறந்தாங்க. பணிக்கரோட 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்கள தேடிப் பாருங்க, ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும், பொடி எழுத்துல வரி வரியா ஏதோ எழுதியிருக்கும், மலையாளமோன்னு கிட்ட போய் படிக்கப் பாத்தா ஒரு வார்த்த கூட புரியாது. படிக்கிறதுக்கு இல்ல அது, பாக்குறதுக்கு. அவர் பையன் நந்தகோபாலோ செம்பு, பித்தளைய வெல்டிங் பண்ணி சிற்பம் செஞ்சவர். அப்பன் ஒரு வழி, புள்ள ஒரு வழி, பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு வழி. ஒரே காம்பவுண்டுல இருந்தும் ஒருத்தர் படம் மாதிரி இன்னொருத்தர் படம் இருக்காது, ஏன்னா யாருக்கும் முதலாளி கிடையாது.

மியூசியம் தவிர லாபர்னம், இண்டிகோன்னு ரெண்டு கேலரி இருக்கு, வெளி ஓவியர்களும் வாடகைக்கு எடுத்து கண்காட்சி வைக்கலாம். எல்லாமே நல்லா இருக்கும்னு நான் சொல்லமாட்டேன். ஒரு தடவ போனா அசந்துபோய் நிப்பீங்க, அடுத்த தடவ சுவர் முழுக்க புத்தர் முகமா இருக்கும். அதுக்காக போகாம இருந்துடாதீங்க, பெரிய கேலரிங்க கண்டுக்காத ஆளுக்கு சுவர் கிடைக்குறதே இந்த மாதிரி இடத்துலதான்.

போனீங்கன்னா பெரும்பாலும் வரைஞ்சவரே ஒரு ஓரமா சேர் போட்டு உக்காந்திருப்பாரு. "இதுக்கு என்ன சார் அர்த்தம்"னு மட்டும் கேக்காதீங்க, பாவம், நெளிவாரு. "எப்படி சார் பண்ணீங்க"ன்னு கேளுங்க, அரைமணி நேரம் பேசுவாரு. விலையும் கேளுங்க. கட்டுபடி ஆகலன்னா சின்ன படம் இருக்கான்னு கேளுங்க, அதுல ஒரு தப்பும் இல்ல. சரி, இப்ப உங்க கேள்விய ஆரம்பிங்க, அந்த மூணாவது வரிசை அக்கா ரொம்ப நேரமா கை தூக்கிட்டு இருக்காங்க.