முற்றம் இல்லாத வீட்டில் மிச்சம் எங்கே போகும்?

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு மாலையில், அதுவும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்த வெள்ளவத்தை மண்டபத்துக்கு இவ்வளவு பேர் வந்திருப்பதில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

வீண்விரயம் என்றதும் பலரும் கரண்ட் பில்லைத்தான் முதலில் சொல்வார்கள். நான் சோற்றுப் பானையில் தொடங்குகிறேன். நம்மில் பலருடைய வீட்டுப் பழக்கம் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ, முற்றமும் கோடிப்புறமும் இருந்த வீட்டில் உருவானது. அங்கே கஞ்சித் தண்ணீர் மாட்டுக்குப் போகும். மீன் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகும். மரக்கறித் தோல் ஆட்டுக்கு. சோறு மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் முதல்நாள் கறிகளையும் சேர்த்துப் பிசைந்து, அம்மா ஆளுக்கொரு கவளமாகக் கையில் வைக்கும் பழஞ்சோற்றுக் குழையல். அதிலும் மிஞ்சினால் கோழி இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில், ‘யாராவது வந்தால் என்ன செய்வது’ என்று ஒரு சுண்டு அரிசி கூடப் போடுவது விரயமே இல்லை.

இங்கே நாம் தொடர்மாடியில் இருக்கிறோம். அந்தக் கூடுதல் சுண்டு நம்மோடு கொழும்புக்கு வந்துவிட்டது. மாடும் வாழையும் வரவில்லை. மிச்சம் போக ஒரே ஒரு வழிதான், பொலித்தீன் பை.

அந்தப் பை எங்கே போகிறது? கொட்டாஞ்சேனைக்காரருக்குப் புளுமெண்டால் குப்பைமேடு நன்றாக நினைவிருக்கும். 2009இல் அது மூடப்பட்ட பின் கொழும்பின் குப்பை மீதொட்டமுல்லையில் குவிந்தது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, அந்த மேடு சரிந்து பக்கத்து வீடுகளை மூடியது. 30 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். புத்தாண்டுப் பலகாரம் மேசையில் இருந்த வீடுகள் அவை. அப்புறம் குப்பையைப் புத்தளத்து அருவக்காட்டுக்குக் கொண்டுபோக முனைந்தார்கள். புத்தளம் மக்கள் வீதிக்கு இறங்கி, உங்கள் குப்பை எங்களுக்கு எதற்கு என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நம்மிடம் நேர்மையான பதில் கிடையாது.

கொழும்புக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது, பெரும்பாலும் சமையலறையிலிருந்து வருவது. ஆனால் ஈரச் சாப்பாட்டைப் பையில் கட்டி, காற்றுப் படாத மேட்டுக்குள் புதைத்தால் அது பசளையாகாது. மீத்தேன் வாயுவாகவும் நாறும் கழிவுநீராகவும்தான் மாறும். உக்கும் குப்பையைப் பிரித்துத் தரும்படி மாநகரசபை கேட்பது இதற்காகத்தான். பிரித்துக் கொடுங்கள். ஆனால் பிரிப்பதைவிட முக்கியம், மிஞ்ச விடாமல் பார்ப்பது.

நம் வீடுகளில் எது அதிகம் மிஞ்சுகிறது என்று பாருங்கள். முதலாவது, வியாழக்கிழமை மீன் கறி. வெள்ளிக்கிழமை சைவம். வியாழன் இரவு சட்டியில் கிடப்பதை மறுநாள் யாரும் தொடமாட்டார்கள், சனிக்கிழமை அதன் முகத்தைப் பார்க்கவே பிடிக்காது. புதன்கிழமையே மீன் வாங்கிச் சமைத்து, வியாழன் மத்தியானத்தோடு சட்டியைக் கழுவிவிடும் வழக்கம் வந்தால் இந்த விரயம் முழுதாக நின்றுவிடும். விரதத்துக்கும் குறைவில்லை.

இரண்டாவது தேங்காய். ஒரு காய் 200 ரூபாயைத் தாண்டிய காலத்தைப் பார்த்துவிட்டோம். இருந்தும் முதற்பால், இரண்டாம் பால் பிழிந்தவுடன் சக்கையைக் கொட்டுகிறோம். அடிகனமான தாச்சியில், எண்ணெய் இல்லாமல், சின்ன நெருப்பில் அந்தச் சக்கையைக் கிளறிக்கொண்டே இருங்கள். ஈரம் வற்றி, நிறம் மாறி, வாசம் வரும்போது இறக்கி, செத்தல் மிளகாய், உப்பு, கொஞ்சம் புளி வைத்து இடியுங்கள். புட்டுக்கும் தோசைக்கும் அருமையான சம்பல். மிஞ்சிய பாலை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்தால் அடுத்த சொதிக்கு ஆகும்.

மூன்றாவது, பிரிட்ஜின் பின்வரிசை. பழைய ஐஸ்கிரீம் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் கண்ணாடிப் போத்தலில் வையுங்கள், முன்தட்டை ‘இன்றைக்கு முடிக்க வேண்டியது’ என்று ஒதுக்குங்கள். சோறு மிஞ்சினால் ஆறிய உடனேயே உள்ளே வையுங்கள். கொழும்பு வெக்கையில் விடியும்வரை வெளியே விட்டால் அது வயிற்றுக்கு ஆகாது.

கடைச் சோற்றுப் பார்சலையும் சொல்ல வேண்டும். அது பல பேருக்கு ஒருவேளைக்கு மிக அதிகம். இருவர் பகிர்ந்து சாப்பிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. சோறு கட்டும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீட்டுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை வந்துவிட்டது. ஆகவே வீட்டிலிருந்து பெட்டி கொண்டுபோய் வாங்குவதும் புதினமான காரியமல்ல.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட். தினமும் ஒவ்வொரு சட்டையாகச் சூடேற்றாமல் வாரத் துணியை ஒன்றாகத் தேயுங்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் சொந்தங்களிடம், சூட்கேஸ் நிறைய உடுப்பு வேண்டாம், வந்து நான்கு நாள் எங்களோடு இருங்கள் என்று அன்பாகச் சொல்லுங்கள். அலுமாரியில் பூட்டி வைத்திருக்கும் விருந்தினர் கோப்பைகளை எடுத்து நீங்களே பாவியுங்கள்.

இதற்கெல்லாம் தடையாக நிற்பது பணமில்லை, ‘கஞ்சப்பிசினாறி என்று சொல்லுவார்கள்’ என்கிற பயம். விருந்தாளி போன பிறகும் மேசை நிறைந்திருந்தால்தான் நல்ல உபசரிப்பு என்று நினைக்கிறோம். வந்தவர் ஆசையாகச் சாப்பிட்டு, சட்டி வெறுமையாவதுதான் சமைத்தவருக்கு மரியாதை என்று நான் நம்புகிறேன். திடீரென்று ஆள் வந்தால் இருபது நிமிடத்தில் உப்புமா கிண்டலாம், ஒரு முட்டை பொரிக்கலாம். நம் ஆட்கள் அதற்குக் கோபிக்கமாட்டார்கள்.

இந்தப் பொறுப்பை அம்மாவின் தலையில் மட்டும் வைக்காதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்கு யார் யார் வீட்டில் என்று தெரியாமல் அவர் எப்படி அளந்து போடுவார்? எல்லா வீட்டிலும் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அப்பாமாரும் ரியூசனுக்குப் போகும் பிள்ளைகளும் மாலை ஐந்து மணிக்கு முன் அதில் ஒரு வரி போடுங்கள்: ‘இரவு வீட்டில்’ அல்லது ‘வெளியில் சாப்பிடுகிறேன்’. அதைப் பார்த்த பிறகு அவர் அரிசியைக் களையட்டும்.