மூழ்கின நெல்லுல எந்த ஜீன் வேலை செய்யுது

வணக்கம் நேயர்களே. ஐப்பசி கார்த்திகை மழையில சம்பா பயிர் மூழ்கிட்டா என்ன ஆகும்னு டெல்டா பக்கம் இருக்குறவங்களுக்கு நான் சொல்லவே வேணாம், ஒரு வாரம் தண்ணி வடியலன்னா பயிர் அழுகிடும். ஆனா ஒடிசாவுல எஃப்ஆர்13ஏ-ன்னு ஒரு பழைய ரகம், ரெண்டு வாரம் முழுசா தண்ணிக்குள்ள கெடந்தாலும் வடிஞ்சதும் திரும்பத் துளிர்த்துடும். இது எப்படின்னு தேடிப் போய்தான் 2006-ல சப்1ஏ-ங்கிற ஜீன வெளிய சொன்னாங்க.

இதே சப்1ஏ, கொஞ்சம் மாறுன வடிவத்துல, வெள்ளம் தாங்காத சில ரகங்கள்லயும் இருக்கு. அதனால ஜீன் இருக்கா இல்லையான்னு பாத்தா மட்டும் போதாது, எப்ப, எவ்வளவு வேலை செய்யுதுன்னு அளக்கணும். மூலப் பத்திரம் பீரோவுலயே இருக்கும், வேலைக்கு எடுத்துட்டுப் போறது ஜெராக்ஸ்தான் இல்லையா, அந்த மாதிரி ஜீன் இருக்குற டி.என்.ஏ-தான் மூலப் பத்திரம், ஜீன் வேலை செய்யும்போது அதுல இருந்து எடுக்குற ஆர்.என்.ஏ-தான் ஜெராக்ஸ். ஆய்வகத்துல நாங்க எண்ணுறது ஜெராக்ஸ.

இலைய வெட்டின உடனே மைனஸ் 196 டிகிரியில இருக்குற திரவ நைட்ரஜன்ல போடுவோம், இலை அப்பளம் மாதிரி ஆயிடும், குளிர வெச்ச பீங்கான் உரல்ல போட்டு இடிச்சா வெள்ளைப் புகைக்கு நடுவுல மருதாணிப் பொடி மாதிரி பச்சையா வரும். அது கொஞ்சம் இளகினாலும் போச்சு, இலையில இருக்குற என்சைமே ஆர்.என்.ஏ-வ தின்னுடும், நம்ம விரல்ல இருந்தும் அந்த என்சைம் ஒட்டும், அதனாலதான் கிளவுஸ் இல்லாம தொடவே விடமாட்டேன். பிறகு அந்த ஆர்.என்.ஏ-வ டி.என்.ஏ-வா மாத்தி, டி.என்.ஏ-வ நகலெடுக்குற பிசிஆர் மெஷின்ல வெச்சா சுத்துக்கு சுத்து ரெண்டு மடங்காகும். ஒரு செடி 22-வது சுத்துல தெரியுது, இன்னொண்ணு 25-வதுலன்னா, மூணு சுத்து வித்தியாசம், அதாவது முதல் செடியில ஜெராக்ஸ் எட்டு மடங்கு அதிகம்.

ஆரம்பத்துல ஒரு தடவ மூழ்காத செடியில காலையிலயும் மூழ்கின செடியில சாயங்காலமும் இலை எடுத்துட்டேன். நிறைய ஜீன் பகல் ராத்திரிக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்கும், அப்போ நான் பாத்த வித்தியாசம் வெள்ளத்தாலயா நேரத்தாலயா? சொல்ல முடியல, மூணு வாரம் வளர்த்த நாத்த விட்டுட்டு திரும்ப விதைச்சேன்.

இப்படி அளந்துதான் விஷயம் புரிஞ்சுது. தண்ணிக்குள்ள, செடியே உண்டாக்குற எத்திலீன் வாயு வெளிய போக முடியாம செடியிலயே சேரும், ஒரே நாள்ல சப்1ஏ ஏறிடும், தண்ணி வடிஞ்சா இறங்கிடும். ஏறி இருக்குற வரைக்கும், செடிய நீள வைக்கிற ஜிப்ரலின் ஹார்மோன அடக்கி, செடிய நீள விடாம மாவுச்சத்த மிச்சம் பிடிக்கும். சாதா ரகம் மேல வரணும்னு நீண்டு நீண்டே இருக்குறத எல்லாம் செலவழிச்சுடும்.

இந்த ஜீன நம்ம சிஆர்1009 நெல் ரகத்துலயும் கலப்பு செஞ்சு ஏத்தி, சிஆர்1009 சப்1-ன்னு டெல்டாவுல பயிர் பண்றாங்க, எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம். ஆனா ஒண்ணு, நேரடி விதைப்பு செய்றவங்க கவனிங்க. முளைக்கிற விதைய சப்1 காப்பாத்தாது, தண்ணிக்குள்ள முளைக்கிறதுக்கு வேற ஜீன் வேணும், மியான்மர் ரகம் ஒண்ணுல இருந்து 2015-ல அத அடையாளம் கண்டுட்டாங்க. அதனால சப்1 விதைதானேன்னு இருந்துடாதீங்க, விதைச்ச மூணாம் நாள் மழை பெஞ்சு தண்ணி நின்னா அன்னைக்கே வடிகால வெட்டி விட்டுடுங்க.